நோவும் நரம்பின் வளர்ச்சிக் காரணியும்

திருவண்ணாமலையிற் பௌர்ணமிதோறும் அடியார் பலர் வெறுங்காலுடன் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வருதலை நாம் அறிவோம். பகலில் வருவோர் வெயிலாற் கொதிக்கும் தரையை மிதித்தவுடன் கால் தானே பின்வாங்குகின்றது. அவ்வாறு வாங்கச் செய்வது நோவு. அந்நோவு நமக்குப் பகையோ நட்போ? நரம்பணுக்களைப் பேணும் ஒரு பொருளின் வரலாற்றைக்கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

நோவை உணர்த்தும் நரம்பணுக்கள் முதுகெலும்பின் இருமருங்கும் சிறு முடிச்சுக்களாகத் திரண்டுள்ளன. ஒவ்வோர் அணுவினின்றும் ஓரிழை தோலை நோக்கியும், மற்றோரிழை தண்டுவடத்தை நோக்கியும் செல்லும். 1950களில் ரீட்டா லெவி-மொந்தால்சினி என்னும் அம்மையார், கோழிக்கருவின் நரம்பு முடிச்சுக்களை ஆராய்ந்து, அவற்றினின்று இழைகளைக் கதிர்போற் பரவச் செய்யும் பொருளொன்று உண்டெனக் கண்டார். அது புரதமெனத் தெளிந்து பிரித்தெடுத்தவர் ஸ்டான்லி கோஹன். பாம்பின் நஞ்சிலும், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது மிகுந்திருந்தது. இருவரும் 1986இல் நோபெல் பரிசு பெற்றனர். அப்பொருளே நரம்பு வளர்ச்சிக் காரணி.

தோல் சுரக்கும் இக்காரணி, நரம்பிழையின் நுனியிலுள்ள ஏற்பியிற் பொருந்தி, இழைவழியே அணுவின் உடலத்தை அடைகின்றது. கருப்பருவத்தில் இதனைப் பெறாத நோவணுக்கள் மடியும். வளர்ந்தபின் இஃது அவற்றின் உணர்ச்சிக் கூர்மையை ஆளுகின்றது. புண்பட்டு வீங்கிய இடத்திற் காரணி மிகும். மிகவே, மிளகாயின் காரத்தையும் தீயின் வெம்மையையும் ஒருங்குணரும் வாயில் சிறு சூட்டிற்கே திறக்கும். நோவைக் கடத்தும் பொருள்களும் பெருகும். நாட்பட்ட நோவிற்கு இஃது ஒன்றே காரணமன்றெனினும், காரணங்களுள் ஒன்றாம். ஆதலின், புறத்தே புண் காணாமையால் ஒருவரது நோவைப் பொய்யென்று வீட்டார் இகழ்தல் தகாது.

அங்ஙனமாயின் காரணியை முற்றும் அடக்கிவிடலாமே எனின், கூறுதும். 1989 வரை திருவண்ணாமலையோடு ஒரே மாவட்டத்தில் இருந்தது வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்தவர், கொல்லிமலையிற் பிறந்த பால் பிராண்டு என்னும் மருத்துவர். தொழுநோயாளர் விரலும் பாதமும் இழத்தற்குப் பெருங்காரணம், நோவறியாமையால் மீண்டும் மீண்டும் நேரும் காயமே என அவர் விளக்கினார். அந்நோயாளரின் தோலில் இக்காரணி குறைந்திருத்தலைப் பின்வந்த ஆய்வாளர் கண்டனர். இதன் ஏற்பி பிறவியிலேயே பழுதுற்ற குழவிகள் நோவறியாது தம் நாவையே கடித்துப் புண்படுத்திக்கொள்கின்றனர். மூட்டு நோவிற்காக இக்காரணியைத் தடுக்கும் டனெசுமாப் என்னும் மருந்து நோவைத் தணித்தது. ஆயினும் சிலர்க்கு மூட்டே விரைந்து சிதைந்தமையால், 2021இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. மாறாக, நீரிழிவால் நலிந்த நரம்பைத் தேற்றக் காரணியையே ஊசிவழிச் செலுத்தியபோது, ஊசியிட்ட இடத்தில் நோவுண்டாயிற்று. பெரிய ஆய்வில் நற்பயனும் விளங்கவில்லை.

ஆகவே மிகினும் குறையினும் இக்காரணி துன்பமே தரும். நோவை ஒழித்தலன்று, அதனை அளவில் நிறுத்தலே மருத்துவம் நாடவேண்டிய நெறி. அந்நெறி கைகூடுங்காறும், நீரிழிவினாற் கால் மரத்த அன்பர்கள் வெயிலில் வெறுங்காலுடன் வலம் வருதலைத் தவிர்த்து, நாடோறும் உள்ளங்காலைக் கண்ணால் நோக்குவாராக. நரம்பு சொல்லாததைக் கண்ணேனும் சொல்லும்.