வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையா? கையில் இருக்கும் மொபைலே போதும்! பிளஸ் 2 கணினி அறிவியல் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

"சார், ஸ்கூல் லேப்ல வாரத்துக்கு ஒரு தடவைதான் சிஸ்டம் கிடைக்குது. வீட்ல அப்பா போன் மட்டும்தான் இருக்கு. நான் எப்படி பைத்தான் பழகுறது?"

பல மாணவர்களின் மனதில் இருக்கும் கேள்வி இது. உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படிக் கேட்கிறதா? இந்தப் பாடம் உங்கள் இருவருக்கும்தான்.

முதலில் மதிப்பெண் கணக்கு

மொத்தம் 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு மதிப்பெண்ணில் ஒன்பதுக்கு ஆறும், மூன்று மதிப்பெண்ணில் ஒன்பதுக்கு ஆறும் எழுத வேண்டும். இந்த இரண்டு பகுதிகளிலும் கடைசி வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, ஒவ்வொன்றும் 'இது அல்லது அது' வகை.

இங்கேதான் கவனம் தேவை. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். அதோடு எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். "செய்முறையில 30 வந்துடும், அப்புறம் என்ன" என்று அலட்சியமாக இருக்காதீங்க. 30-ம் முழுசாக வாங்கி, எழுத்துத் தேர்வில் 14 எடுத்தால் கூட்டுத்தொகை 44. ஆனாலும் தேர்ச்சி இல்லை!

காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள்

தேர்வு அறையில் கம்ப்யூட்டர் கிடையாது. நிரலின் வெளியீட்டை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நல்ல வழி, ஒரு பேனாவும் ஒரு தாளும்.

ஓர் உதாரணம். 'டோட்டல்' என்ற மாறியின் மதிப்பு 0. 'ஃபார்' மடக்கில் 'ஐ' என்ற மாறி ரேஞ்ச்(1, 5) வரை ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் டோட்டலோடு ஐ கூட்டப்படுகிறது. விடை என்ன?

பலர் 15 என்று எழுதுவார்கள். தாளில் இரண்டு கட்டம் போட்டுப் பாருங்கள்:

ஐ = 1, டோட்டல் = 1
ஐ = 2, டோட்டல் = 3
ஐ = 3, டோட்டல் = 6
ஐ = 4, டோட்டல் = 10

அவ்வளவுதான், விடை 10. ரேஞ்ச்சில் கடைசி எண் சேராது. அதே கணக்கில் ரேஞ்ச்(2, 10, 2) என்றால் 2, 4, 6, 8 மட்டுமே வரும். 10 வராது. தினமும் இப்படி மூன்று நிரல்களை ஓட்டிப் பார்த்தால் பயம் தானாகப் போய்விடும்.

மனப்பாடம் வேண்டாம், காரணம் போதும்

இருமத் தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 எண்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தால், நடு எண்ணைப் பார்த்துப் பாதியைத் தள்ளிவிடலாம். 1000, 500, 250 என்று குறைந்துகொண்டே போகும். அதிகபட்சம் 10 ஒப்பீடுகளில் விடை தெரிந்துவிடும். வரிசைத் தேடலில் 1000 வரை போகலாம். இந்தக் காரணம் புரிந்துவிட்டால், "பட்டியல் ஏன் வரிசையாக இருக்க வேண்டும்?" என்ற வினாவுக்கும் சொந்த நடையில் எழுதலாம்.

எஸ்.க்யூ.எல். கட்டளைகளும் அப்படியே. 'டெலிட்' வரிசைகளை நீக்கும், அட்டவணை இருக்கும். 'டிராப்' அட்டவணையையே நீக்கிவிடும். வீட்டுக்குள் இருக்கும் சாமானைக் காலி செய்வது ஒன்று, வீட்டையே இடிப்பது இன்னொன்று!

மொபைலில் பயிற்சி

பைட்ராய்டு 3 போன்ற செயலியை ஆண்ட்ராய்டு மொபைலில் ஒருமுறை நிறுவிவிட்டால், நெட் இல்லாமலேயே பைத்தான் நிரல்களை ஓட்டலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மொபைல் விசைப்பலகை சில நேரம் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றிவிடும். 'பிரிண்ட்' என்பதில் முதல் எழுத்து பெரிதானாலே பிழைதான். அடுத்து, 'இஃப்', 'ஃபார்' வரிகளின் முடிவில் முக்கால்புள்ளி இருக்கிறதா, அடுத்த வரி உள்தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று மணி நேரத் திட்டம்

ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 30, மூன்று மதிப்பெண்ணுக்கு 40, ஐந்து மதிப்பெண்ணுக்கு 75. மீதி 20 நிமிடம் சரிபார்க்க. வீட்டில் கடிகாரம் வைத்து இரண்டு தேர்வாவது எழுதிப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

மாலையில் ஒரு மணி நேரமாவது அந்த போனைப் பிள்ளையிடம் கொடுங்கள். "போனையே நோண்டிக்கிட்டு இருக்கான்" என்று திட்டுவதற்கு முன், திரையில் என்ன ஓடுகிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். 'வினாத்தாள் கிடைக்கும், பணம் அனுப்புங்க' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்ப வேண்டாம். பாடநூல்கள் அரசு இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417-ஐ அழையுங்கள்.

இன்றைக்கே ஒரு தாளை எடுங்கள். முதல் நிரலை ஓட்டிப் பாருங்கள். வெற்றி உங்களுக்கே!