மின் கட்டண உயர்வு மனுவும் அதன் பரிசீலனையும்

துணிக்கு ஒரு கடையில் விலை கூடினால் அடுத்த கடையை நாடலாம். குழாய்த் தண்ணீருக்கும், கழிவுநீர் அகற்றும் பணிக்கும், மின்சாரத்துக்கும் அடுத்த கடை இல்லை. ஊருக்கு ஒரு குழாய், ஒரு கம்பி. ஆதலால் இத்தகைய ஏகபோகப் பணியை நடத்தும் நிறுவனம் கட்டணத்தை உயர்த்த விரும்பினால், அதன் கணக்கை வேறொருவர் சோதித்த பின்னரே உயர்த்த வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டமாகியுள்ளது. இங்கிலாந்தில் 1989-இல் தண்ணீர் விநியோகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றபோது, அவற்றைக் கட்டுப்படுத்த ‘ஆஃப்வாட்’ என்னும் அமைப்பு ஏற்பட்டது. 2024 டிசம்பரில் அது ஐந்தாண்டு காலத்துக்கு, பணவீக்கம் நீங்கலாக, சராசரி 36 சதவீத உயர்வை அனுமதித்தது. கம்பெனிகள் கேட்டது அதனினும் அதிகம். நம் நாட்டில் மகாராஷ்டிரம் 2005-இல் நீர்வள ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சட்டம் இயற்றி, பாசனத்துக்கும் குடிநீருக்கும் தொழிலுக்கும் மொத்தமாக வழங்கும் நீரின் விலையை அதன் பொறுப்பில் விட்டது.

நம் மாநிலத்தில் குடிநீருக்கு அத்தகைய ஆணையம் இல்லை. சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் அது நகராட்சி மன்றத்தின் விவகாரம். மின்சாரத்துக்கோ ஆணையம் உண்டு. விசைத்தறி ஓட்டும் அங்கத்தினரும் கிணற்றில் மோட்டார் வைத்திருக்கும் அங்கத்தினரும் அதன் நடைமுறையை அறிந்திருத்தல் அவசியம் எனக் கருதி, 2022-ஆம் ஆண்டின் கட்டண உயர்வு மனுவையே இப்பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்.

2014 டிசம்பருக்குப் பிறகு எட்டாண்டுகள் அளவுக்குக் கட்டணம் உயரவில்லை. அக்காலத்தில் நிலக்கரி விலை ஏறாமல் இல்லை. கடனுக்கு வட்டி ஓடாமலும் இல்லை. ஒரு சங்கம் எட்டாண்டு நஷ்டத்தைப் பேரேட்டில் சுமந்துகொண்டே வந்தால் என்ன ஆகும் என்பது நம் அங்கத்தினருக்குத் தெரியாததன்று. 2022 ஜூலையில் அப்போதைய மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் (2024-இல் பிரிக்கப்பட்டபின் பகிர்மானத்துக்குத் தனிக் கழகம் உள்ளது) தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுச் செய்தது. ஆகஸ்டில் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய இடங்களில் பொது விசாரணை நடைபெற்றது. இடையில் நூற்பாலைகள் சங்கம் ஒன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகியது. ஆணையத்தில் சட்டம் பயின்ற உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அப்பதவி அப்போது காலியாயிருந்தது. அந்த உறுப்பினர் நியமிக்கப்படும்வரை இறுதி உத்தரவு கூடாது என்று தனி நீதிபதி ஆணையிட்டார். இரு நீதிபதிகள் அமர்வு அத்தடையை நீக்கியது. செப்டம்பர் 9-ஆம் தேதி உத்தரவு வெளியாகி, மறுநாள் முதல் புதிய கட்டணம் அமலுக்கு வந்தது.

இனி, ஆணையம் சோதிப்பது எதை என்று பார்ப்போம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 62, 64-ஆம் பிரிவுகளின்படி, கழகம் தன் ஆண்டு வருவாய்த் தேவையைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். மின்சாரம் வாங்கும் செலவு, எரிபொருள், சம்பளம், பழுதுபார்ப்பு, தேய்மானம், வட்டி என அது விரியும். செலவாயிற்று என்பது மட்டும் போதாது. அச்செலவு நியாயமானதா என்பதே கேள்வி. நம் சங்கத் தணிக்கையில் ரசீது இருந்தும் ஒரு செலவை ஆட்சேபணையில் வைப்பதுண்டல்லவா? அதுபோலத்தான்.

மின் இழப்பை எடுத்துக்கொள்வோம். இது ஒரு கற்பனைக் கணக்கு. கழகம் 100 யூனிட்டை யூனிட் 5 ரூபாய்க்கு வாங்குகிறது. செலவு 500 ரூபாய். வழியில் 20 யூனிட் வீணாகி, 80 யூனிட் மட்டுமே விற்பனையாகிறது. முழுச் செலவையும் உபயோகிப்போர் தலையில் ஏற்றினால் யூனிட் 6 ரூபாய் 25 காசு. ஆணையமோ, 15 யூனிட் இழப்பையே ஏற்போம் என்கிறது. அப்போது 500 ரூபாயை 85-ஆல் வகுக்க, விலை 5 ரூபாய் 88 காசு. அந்த விலைக்கு 80 யூனிட்டை விற்றால் கழகத்துக்கு ஏறத்தாழ 470 ரூபாயே வரும். மீதி 30 ரூபாய் அதன் பொறுப்பு. ஆணையம் ஒரு சதவீதம் தளர்த்தினாலும் இறுக்கினாலும் அது நம் ரசீதில் தெரியும். ஒழுகும் குழாய்க்கும் இதே கணக்குத்தான். நகராட்சி நீர்க் கட்டணம் பேசப்படும்போது, ஏற்றிய நீர் எவ்வளவு, கட்டணம் வந்த நீர் எவ்வளவு என்று அங்கத்தினர் கேட்கலாம்.

அடுத்தது, இலவசம் பற்றிய ஒரு தெளிவு. விவசாய மோட்டாருக்குக் கட்டணம் இல்லை. 2023-இல் விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவசம் 1,000 ஆகவும், கைத்தறிக்கு 200 யூனிட் 300 ஆகவும் உயர்த்தப்பட்டன. இவற்றை அளிப்பது ஆணையமன்று. ஆணையம் எல்லாருக்கும் கட்டணம் நிர்ணயிக்கும். ஒரு பிரிவினருக்குச் சலுகை தர அரசு விரும்பினால், 65-ஆம் பிரிவின்படி அத்தொகையை முன்கூட்டியே கழகத்துக்குச் செலுத்த வேண்டும். எனவே இலவச வரம்பை உயர்த்தக் கோரும் மனு அரசுக்குப் போக வேண்டும்; விகிதத்தையும் நிலைக் கட்டணத்தையும் ஆட்சேபிக்கும் மனு ஆணையத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதி இரு இடத்துக்கும் அனுப்பினால் பயனேதும் இராது.

2022 உத்தரவில் நெசவாளர் கவனிக்க வேண்டிய மற்றோர் அம்சம் உண்டு. 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டின்படியோ 6 சதவீதமோ, எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் தானே உயரும். அவ்வாறு 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 சதவீதம் உயர்ந்தது. சில பிரிவினர்க்கு அரசு இச்சுமையை ஏற்றுக்கொண்டது. சலுகையற்ற பிரிவில் 100 ரூபாயாக இருந்த கட்டணம் மூன்று ஆண்டில் 110 ரூபாய் 50 காசு ஆயிற்று. நெசவுக் கூலி அப்படித் தானே உயர்வதில்லை. ஒப்பந்தம் முடிந்து, பேச்சு நடந்து, பல வேளை தறி நின்ற பின்னரே உயர்கிறது. தறி நின்றாலும் நிலைக் கட்டணம் நிற்பதில்லை. 2023 செப்டம்பரில் சிறுதொழில் நடத்துவோர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு நிலைக் கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் முக்கியக் காரணங்களாயிருந்தன. எம் கருத்தில், கட்டணத்தைக் குறியீட்டோடு பிணைத்ததைவிட, கூலியைப் பிணைக்காமல் விட்டதே பெரிய குறை. ஆனால் அது ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று.

ஆட்சேபணை எழுதுவது எப்படி? “உயர்த்தாதீர்கள்” என்று ஆயிரம் பேர் கையெழுத்திட்டாலும் அதில் ஆராய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆணையத்தின் உத்தரவில் வந்த ஆட்சேபணையும், அதற்குக் கழகத்தின் பதிலும், ஆணையத்தின் முடிவும் எழுதப்படுகின்றன. பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வியைக் கேட்பதே திறமை. சங்கத்தின் தறிகள் எத்தனை, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், ஒரு தறிக்கு இரு மாதத்தில் எத்தனை யூனிட், நூல் விலையால் எத்தனை நாள் வேலையின்றி நின்றது, அந்நாட்களுக்குச் செலுத்திய நிலைக் கட்டணம் எவ்வளவு என்பனவற்றை ரசீதுகளுடன் ஒரு பக்கத்தில் எழுதினால் அதுவே வலுவான மனு. உத்தரவில் திருப்தி இல்லையேல் 45 நாட்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். அது செலவுள்ள வழி, பல சங்கங்கள் சேர்ந்தே செய்ய இயலும்.

மின் விநியோகத்தையே கூட்டுறவில் நடத்தும் ஊரும் உண்டு. தெலங்கானாவில் நம் ஊரைப் போலவே விசைத்தறிக்குப் பெயர்பெற்ற சிரிசில்லாவில் 1970-ஆம் ஆண்டு தொடங்கிய கூட்டுறவு மின்சார விநியோகச் சங்கம், மின்சாரத்தை மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்கு வழங்குகிறது. இயக்குநர்களை அங்கத்தினரே தேர்ந்தெடுக்கின்றனர்.

இப்போதைய உத்தரவின் காலம் 2026-27 உடன் முடிகிறது. அடுத்த மனுவின் அறிவிப்பு பத்திரிகையில் வெளிவந்தபின் ஆட்சேபணைக்குக் கிடைக்கும் அவகாசம் சில வாரங்களே. அதற்குள் மூன்றாண்டு ரசீதுகளைத் தேடித் திரட்டுவது எளிதன்று. சங்கச் செயலாளர்கள் இந்த மாதமே ஒரு தனிப் பேரேடு திறந்து, தறிவாரியாக யூனிட், நிலைக் கட்டணம், வேலையற்ற நாட்கள் ஆகிய மூன்று பத்திகளை இட்டு, இரு மாதத்துக்கொருமுறை பதிந்து வருவாராக.