முதலில் பாதுகாப்பு, பிறகு மன்னிப்பு

தாய் தந்தையரைத் தெய்வமாகப் போற்றுவது நம் மரபு. அந்தத் தந்தையே குடிபோதையில் வீட்டாரை அடித்து, சில ஆண்டுகள் எங்கோ சென்றிருந்து, ஒருநாள் திரும்பி வந்து கதவைத் தட்டினால் மகனின் தர்மம் என்ன?

புதுதில்லியின் லக்ஷ்மிபாய் நகர், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் அங்கு உள்ளது. அத்தகைய குடியிருப்பில், தாயின் ஊதியத்தில் வளரும் 13 வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். தந்தை இல்லாத ஆண்டுகளில் அவன் அச்சமின்றி உறங்கப் பழகிவிட்டான். இப்போது அவர் திரும்பியிருக்கிறார். ‘என்ன இருந்தாலும் அப்பா அல்லவா, அனுசரித்துப் போ’ என்கின்றனர் உறவினர். அவனோ, மாடிப்படியில் கேட்கும் காலடி ஓசையைக் கொண்டே அவர் குடித்திருக்கிறாரா என்று கணித்தபடி விழித்திருக்கிறான்.

இங்கு விவேகம் தேவை. அடிக்கு அஞ்சி அடங்கியிருப்பது பித்ரு பக்தி ஆகாது. வேறு வழியின்றி மௌனமாக இருப்பது மன்னிப்பும் ஆகாது. ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் வரும் பிரஹ்லாதன் தந்தையின் அநீதியான ஆணைக்குப் பணியவில்லை. ஆயினும் ஆபத்து நீங்கியபின், தந்தை பாவத்திலிருந்து தூய்மை பெற வேண்டும் என்று நரசிம்மரிடம் வேண்டினான். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: பாதுகாப்பு முதலில், மன்னிப்பு பின்னர்.

இது புராணத்திற்கு மட்டுமே உரியதன்று. வரலாற்றிலும் சான்று உண்டு. இசைமேதை பேத்தோவனின் தந்தை ஜெர்மனியின் பான் நகரில் அரசவைப் பாடகர், குடிக்கு அடிமையானவர், மகனைக் கடுமையாக நடத்தியவர். 1787-இல் தாய் மறைந்தார். 1789-இல், பதினெட்டு வயது மகன், தம்பியரைக் காக்கத் தந்தையின் ஊதியத்தில் பாதியைத் தன்னிடம் தருமாறு அரசரிடம் விண்ணப்பித்து ஆணை பெற்றான். அதை அலுவலகத்தில் சமர்ப்பித்தால் ஊரார்முன் தமக்கு அவமானம் என்று தந்தை கெஞ்சினார். அப்பணத்தைத் தாமே தருவதாகவும் ஒப்புக்கொண்டார். மகன் ஆணையைச் சமர்ப்பிக்கவில்லை. தம்பியருக்கு உணவு கிடைத்தது. தந்தையின் மானமும் காக்கப்பட்டது. உறுதியும் கருணையும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும்.

அந்தச் சிறுவனுக்கு நாம் கூற வேண்டியவை சில. தந்தையின் குடிக்கு நீ காரணம் அல்ல. அதைக் குணப்படுத்தும் பொறுப்பும் உன்னுடையது அல்ல. அது மருத்துவம் தேவைப்படும் நோய். காஜியாபாதில் உள்ள எய்ம்ஸ் நிறுவனத்தின் போதை சிகிச்சை மையம் போன்ற இடங்களுக்கு அவரை அழைத்துச் செல்வது பெரியோரின் கடமை. போதையில் இருப்பவரிடம் வாதிடாதே. நம்பிக்கையான அண்டை வீட்டுக்குச் சென்றுவிடு. அடியை ரகசியமாக வைக்காதே. ஆசிரியரிடம் சொல், அல்லது 1098 என்ற கட்டணமில்லாத எண்ணை அழை. உன் தாய்க்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கும்; அடிப்பவர் வீட்டினுள் நுழைவதைத் தடுத்து நீதிபதி ஆணையிட முடியும்.

நமக்கும் ஒரு பாடம் உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். வறுமை, பெற்றோரின் குடிப்பழக்கம், குடும்பப் பூசல் போன்ற பல இன்னல்களுக்கிடையே வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறனும் அன்பும் உடையவர்களாக உயர்ந்தனர். அவர்களுக்குத் துணைநின்றவற்றுள் முக்கியமானது, நிலையான அன்பு காட்டிய ஒரு பெரியவர்: பாட்டி, ஆசிரியர் அல்லது அண்டை வீட்டார்.

சுவருக்கு அப்பால் அழுகுரல் கேட்கும்போது, ‘அது அவர்கள் குடும்ப விஷயம்’ என்று நாம் ஒதுங்க வேண்டாம். அந்தக் குழந்தைக்கு நம் கதவு திறந்திருக்கட்டும். என்றாவது அவன் தந்தையை மன்னித்தால், அது அச்சத்தில் அன்றி, சுதந்திரத்தில் மலர்ந்ததாக இருக்கட்டும்.