சாம்பிராணிப் புகையும் தோல் நாற்றமும்

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு அருகில் எங்கள் வீடு. அந்தி சாய்ந்ததும் அம்மா சன்னலைச் சாத்திவிட்டுத் தூபக்காலில் சாம்பிராணி போடுவார். சந்தன ஊதுவத்தியும் ஏற்றுவார். நாற்றம் ஒழிந்தது என்றே நானும் நம்பியிருந்தேன்.

வேதியியல் படித்தபின் ஐயம் எழுந்தது. மயிர் நீக்கச் சுண்ணாம்புடன் சேர்க்கும் சோடியம் சல்பைடு, அமிலக் கழிவுநீருடன் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும்; அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே. சாம்பிராணியோ சுமத்ராவில் ஸ்டைராக்ஸ் மரத்தைக் கீறி எடுக்கும் பிசின். சந்தனம் நம் சவ்வாது மலையிலேயே வளர்வது; மணமெல்லாம் அதன் வைரத்தில். (கடை வத்தியில் எவ்வளவு சந்தனமோ!) இவற்றின் புகை அவ்வாயுவை அழிப்பதில்லை; மூக்கை ஏமாற்றுகிறது. அதன் நுண்துகள்கள் நுரையீரலிலும் புகுகின்றன.

பாட்டியின் இருமல் மாலையில் மிகுவதன் காரணம் அப்போதுதான் உறைத்தது. இப்போது சன்னலைத் திறந்துவைத்தே புகை போடுகிறோம். “மணம் நிற்கவில்லையே” என்று அம்மாவுக்குக் குறைதான்.