முன் ஆக்சிலுக்கு முன்னால் ஸ்டீயரிங்

கேள்வி: ஐயா, என்னிடம் 1989 டொயோட்டா பிக்கப், நான்கு சக்கர இயக்கம், 22ஆர்இ எஞ்சின் உள்ளது. கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். சியரா நெவாடா மலைத்தடங்களில் ஓட்டும்போது முன்பக்க சிவி ஷாஃப்ட்டுகளும் அவற்றின் ரப்பர் உறைகளும் நிலைக்கவே மாட்டேன் என்கின்றன. பழைய வண்டிகளை உடைக்கும் யார்டு ஒன்றில் 1985 பிக்கப்பின் சாலிட் முன் ஆக்சில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் போட்டுவிடலாமா?

பதில்: ஆக்சில் நல்ல தேர்வுதான். ஆனாலும் இந்த வாரம் வாங்காதீர்கள். ஸ்டீயரிங் எப்படி அமையப்போகிறது என்பதைத் தாளில் வரைந்து முடித்த பிறகு பணத்தை எடுங்கள். இந்த மாற்றத்தை ஆக்சில் வேலை என்று நினைத்துத் தொடங்குபவர்கள் பாதியில் திணறுகிறார்கள். ஆக்சிலைப் பட்டை ஸ்பிரிங்குகளில் பொருத்துவது எளிதான பகுதி. அந்த வண்டி நெடுஞ்சாலையில் நேராகப் போவதும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்பதும்தான் கடினம்.

அதற்கும் முன்பு ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதத்தில் எத்தனை நாள் பாறையில் ஏறுகிறீர்கள்? அமெரிக்காவில் விற்ற டொயோட்டா பிக்கப்பில் 1979 முதல் 1985 வரைதான் சாலிட் முன் ஆக்சில் இருந்தது. 1986இல் டார்ஷன் பாரோடு தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. சாலையில் அது மெத்தென்று ஓடும், வளைவுகளில் பிடித்து நிற்கும். வண்டி பெரும்பாலும் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும்தான் ஓடுகிறது என்றால், உயர்த்துவதைக் குறையுங்கள். அளவுக்கு மேல் உயர்த்தும்போது சிவி ஷாஃப்ட்டின் கோணம் கூடுவதால்தான் ரப்பர் உறை கிழிகிறது. தேய்ந்த ஐட்லர் ஆர்மை மாற்றுங்கள், பின்னால் லாக்கர் போடுங்கள். பாதி மலைத்தடங்கள் அதிலேயே கைக்கு வந்துவிடும். இல்லை, ரூபிகான் தடம் போன்ற பாறைக்காட்டில்தான் உங்கள் மனம் என்றால் மேலே படியுங்கள்.

டயரின் அளவை முதலில் எழுதி வையுங்கள், பிறகு மாற்றாதீர்கள். 33 அங்குலமா, 35 அங்குலமா என்பதிலிருந்துதான் உயரம், கியர் விகிதம், பிரேக், மட்கார்டை வெட்ட வேண்டிய அளவு எல்லாம் வரும். கிரவுன் பினியன் கணக்கு எளிது. 28 அங்குல டயரில் 4.10 விகிதத்தோடு ஓடிய வண்டிக்கு 33 அங்குல டயர் போடுகிறீர்கள் என்றால், 4.10ஐ 33ஆல் பெருக்கி 28ஆல் வகுங்கள். 4.83 வரும். அதற்கு நெருக்கமாகக் கடையில் கிடைப்பது 4.88. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நான்கு சக்கர இயக்கத்தில் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஷாஃப்ட்டுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஆகவே பின் ஆக்சிலின் கியர் செலவையும் இப்போதே பட்ஜெட்டில் சேருங்கள்.

ஸ்டீயரிங்குக்கு வருகிறேன். 1985 வரையிலான பிக்கப்பில், ஸ்டீயரிங் பாக்ஸை நக்கிளோடு இணைக்கும் டிராக் லிங்க் சேசிஸின் நீளவாக்கில் ஓடும். பிட்மேன் ஆர்ம் முன்னும் பின்னுமாக அசையும். பட்டை மேலே ஏறும்போது ஆக்சில் ஒரு வளைவில் நகர்கிறது, டிராக் லிங்க்கின் முனை வேறொரு வளைவில் நகர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் சக்கரம் தானாகத் திரும்பும். வண்டியை உயர்த்த உயர்த்த இது கூடும். உங்கள் 1989 வண்டியின் ஸ்டீயரிங் பாக்ஸில் பிட்மேன் ஆர்ம் பக்கவாட்டில் அசைகிறது. இது உங்களுக்கு வாய்த்த நல்ல வசதி, அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அந்த பாக்ஸிலிருந்து வலப்பக்க நக்கிளுக்குக் குறுக்காக டிராக் லிங்க் போடலாம். இதைத்தான் கிராஸ் ஓவர் ஸ்டீயரிங் என்கிறார்கள். பட்டைகளில் பொருந்திய ஆக்சில் ஏறக்குறைய நேர் மேலும் கீழுமாக நகர்வதால், லிங்க் எவ்வளவு கிடைமட்டமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வண்டி அடங்கி ஓடும்.

லிங்க்கைக் கிடைமட்டமாக்க நக்கிளின் மேல்பக்கத்தில் உயர்ந்த ஸ்டீயரிங் ஆர்ம்கள் போட வேண்டும். போட்டால் டை ராடு பட்டைகளுக்கு மேலே போய்விடும். பாறையில் அடி வாங்காது, அது நல்லது. ஆனால் ஆக்சில் முழுதாக மேலே வரும்போது அந்த டை ராடு சேசிஸில் முட்டக் கூடாது, எஞ்சினின் ஆயில் பேனில் முட்டக் கூடாது. அந்த இடைவெளிதான் பம்ப் ஸ்டாப்பின் உயரத்தைச் சொல்கிறது. பம்ப் ஸ்டாப் உயரம் வண்டி நிற்கும் உயரத்தைச் சொல்கிறது. அதன் பிறகுதான் எந்தப் பட்டை வாங்குவது என்ற கேள்வியே எழுகிறது. கடையில் "நான்கு அங்குல கிட்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து வாங்குபவர்கள் இந்தச் சங்கிலியைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். ஸ்டீயரிங் பாக்ஸைப் பெரும்பாலும் முன்னே நகர்த்த வேண்டியிருக்கும், ஸ்டீயரிங் ஷாஃப்ட்டை நீட்ட வேண்டியிருக்கும். பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேசிஸுக்குத் தடித்த தகடு வைத்துப் பற்றவையுங்கள், போல்ட்டு போகும் துளைகளில் உள்ளே குழாய் செருகுங்கள். ஷாக்கிள் தொங்கும் இடத்துக்கும் இதே முறைதான். வெற்றுப்பெட்டியான சேசிஸில் போல்ட்டை இறுக்கினால் தகடு உள்ளே நசுங்கிவிடும்.

பட்டை வேண்டாம், காயில் ஸ்பிரிங் வேண்டும் என்பவர்கள் பான்ஹார்டு ராடும் டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாகவும், நீளத்தில் நெருக்கமாகவும் அமைய வழி கிடைக்கும் வரை அதைத் தொடாதீர்கள். முதல்முறை செய்பவருக்கு என் பரிந்துரை பட்டைதான்.

ஆக்சில் எது என்பதில் உங்களுக்குக் குழப்பம் வேண்டாம். டொயோட்டாவின் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஷாஃப்ட் வலப்பக்கமாக வருகிறது, 1979-85 ஆக்சிலின் டிஃபரன்ஷியலும் வலப்பக்கம்தான். சக்கரத்தின் ஆறு போல்ட்டு 139.7 மில்லிமீட்டர் வட்டமும் பொருந்தும். எழுபதுகளின் ஃபோர்டு எஃப்150இல் இருந்து டானா 44 எடுத்துப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அதன் டிஃபரன்ஷியல் இடப்பக்கம், போல்ட்டு ஐந்து. ஷெவ்ரலேயின் அரை டன் வண்டியின் ஆக்சில் வலப்பக்கம், ஆறு போல்ட்டு. ஆனால் உங்கள் வண்டிக்கு அகலம் மிக அதிகம். டொயோட்டா ஆக்சிலிலும் அகலத்தில் ஒரு சிக்கல் உண்டு: 1986க்குப் பிந்தைய வண்டியைவிட அது சுமார் மூன்று அங்குலம் குறுகல். பின் சக்கரங்கள் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் வெளியே நிற்கும். தரமான வீல் ஸ்பேசர், அல்லது உங்கள் வண்டியின் பழைய ஹப்புகளையே புதிய ஆக்சிலில் பொருத்துவது, இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். எனக்கு இரண்டாவது பிடிக்கும்.

யார்டில் ஆக்சிலைப் பார்க்கும்போது நக்கிளின் உருண்டைக்குப் பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். கெட்டியான கிரீஸ் இருந்தால் சரி. கறுப்பாக நீர்த்து வழிந்தால் உள் சீல் போய் கியர் ஆயில் கிரீஸோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் ஆக்சில் வீணாகிவிடாது. எப்படி இருந்தாலும் சீல், நக்கிள் பேரிங், வீல் பேரிங் எல்லாவற்றையும் புதிதாகப் போடத்தான் போகிறீர்கள். ஆனால் விலை பேச அது உதவும்.

கேஸ்டர் கோணத்தைப் பற்றவைப்பதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள். மூன்று முதல் ஐந்து டிகிரி வரை இருந்தால் ஸ்டீயரிங் தானே நேருக்குத் திரும்பும். வண்டி உயர்ந்ததும் பினியனை டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்துத் திருப்ப ஆசைப்படுவீர்கள். அப்படித் திருப்பினால் கேஸ்டர் குறையும், வண்டி சாலையில் அலையும். இரண்டும் வேண்டுமென்றால் நக்கிள் உருண்டைகளை வெட்டித் திருப்பிப் பற்றவைக்க வேண்டும். அது அனுபவமுள்ள பட்டறையின் வேலை. பணத்தை அங்கே தயங்காமல் செலவழியுங்கள்.

பிரேக்கில் பலர் கவனிக்காத ஒன்று பின் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் பளு உணரும் வால்வு. சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையிலான தூரத்தை வைத்து அது பளுவைக் கணிக்கிறது. வண்டியை உயர்த்தினால், பின்னால் சுமையே இல்லை என்று கணித்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். உயர்த்திய அளவுக்கு ஆக்சில் பக்கத் தாங்கியையும் உயர்த்தி வையுங்கள். முன் பிரேக் ஹோஸ்கள் ஆக்சில் முழுதாகத் தொங்கும்போதும், இரு பக்கமும் முழுதாகத் திரும்பும்போதும் இழுபடக் கூடாது.

வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியைக் கழற்றுங்கள், எரிபொருள் குழாய்களை விலக்குங்கள். பட்டையின் முக்கியத் தகடு ஒன்றை மட்டும் வைத்துத் தற்காலிகமாகப் பொருத்தி, டயரோடு ஜாக்கியில் முழுதாக மேலே தூக்கி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பிப் பாருங்கள். எங்கே உரசுகிறது என்று தெரிந்த பிறகு நிரந்தரமாகப் பற்றவைக்கலாம். இந்த ஒத்திகைக்கு ஒரு முழு வார இறுதியை ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள்.

சட்டத்தையும் பாருங்கள். உயரம் பற்றிய விதி அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இதை இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அங்கே பொதுச்சாலையில் ஓடும் வண்டியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

வண்டி ஓடத் தொடங்கியதும் முதல் நூறு கிலோமீட்டரில் யு போல்ட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். பழைய யு போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஸ்டீயரிங் ஆர்ம்களைப் பிடித்திருக்கும் நக்கிள் ஸ்டட்டுகள் இந்த ஆக்சிலில் தளர்வதற்குப் பேர்போனவை. ஒவ்வொரு மலைப்பயணத்துக்கு முன்பும், திரும்பியதும், டார்க் ரெஞ்சால் அவற்றைச் சரிபாருங்கள்.