திறந்த மூல இயங்குதளம்

கணினியின் உறுப்புகளையும் மென்பொருள்களையும் ஒருங்கிணைத்து இயக்குவது இயங்குதளம் ஆகும். அதன் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் அனைவருக்கும் உரிமை இருப்பின், அது திறந்த மூல இயங்குதளம் எனப்படும். லினக்ஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1991ஆம் ஆண்டில், பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருநிரலை வெளியிட்டார்.

உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளை விலையின்றிப் பெறலாம். வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளிலும் நிறுவலாம். லுபுண்டு போன்ற எளிய வகைகள் பழைய கணினிகளிலும் இயங்கும். நிறுவுமுன் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். எனினும், சில விளையாட்டுகளும் மென்பொருள்களும் லினக்ஸில் இயங்கா. ஆதலால், தேவையை ஆராய்ந்து, கோப்புகளைப் படியெடுத்து வைத்த பின்னரே மாறுதல் நன்று.

மூலநிரல் திறந்திருப்பதால் மொழியும் பயன்பெறுகிறது. தன்னார்வலர்கள் லினக்ஸ் திரைகளைத் தமிழாக்கி வருகின்றனர். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் தமிழ் உண்டு. தில்லியில் வாழும் தமிழ்க் குழந்தையும் தன் வீட்டுக் கணினியில் ‘கோப்பு’, ‘திருத்து’ என்னும் சொற்களை நாள்தோறும் படிக்கலாம். இன்னும் தமிழாகாத சொற்களை நாளை அக்குழந்தையே தமிழாக்கலாம். பிறர் அளித்ததைப் பயன்படுத்துவதோடு, தன் பங்கையும் சேர்க்க இடமளிப்பதே இதன் தனிச்சிறப்பு.

சொற்பொருள்
மூலநிரல் – மென்பொருளை உருவாக்க எழுதப்படும் கட்டளைத் தொகுப்பு
கருநிரல் – இயங்குதளத்தின் மையப் பகுதி
தன்னார்வலர் – ஊதியம் கருதாது உழைப்பவர்

பயிற்சி
1. திறந்த மூல இயங்குதளம் என்பது யாது?
2. நிறுவுமுன் செய்ய வேண்டியவை யாவை?
3. உம் வீட்டுக் கணினித் திரையில் உள்ள ஐந்து சொற்களைத் தமிழில் எழுதுக.