சுவர்க் கட்டில் ஆளை விழுங்குமா?

“சார், ராத்திரி தூங்கிட்டிருக்கும்போது தானா மடிஞ்சு ஆளை உள்ளே இழுத்துக்குமாமே?”

சின்ன ஃபிளாட்டுகளுக்கு மரவேலை செய்து கொடுக்கிற எங்களிடம், மடித்துச் சுவரோர அலமாரிக்குள் நிறுத்தி வைக்கும் சுவர்க் கட்டில் பற்றி விசாரிக்க வருகிறவர்கள், விலையைக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுகிறார்கள். யாருக்கு நடந்தது, எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. மச்சினர் சொன்னார், ஃபேமிலி குரூப்பில் வந்தது, அவ்வளவுதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம்.

இந்தப் பயத்தைக் கிளப்பியதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1916-ல் வந்த ‘ஒன் ஏ.எம்.’ படத்தில் சாப்ளின் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவர்க் கட்டிலோடு மல்லுக்கட்டுவார். 1967-ல் வந்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் படுத்திருக்கும்போதே கட்டில் சுவருக்குள் போய்விடும். அதுகூடத் தானாகப் போகவில்லை, அது ஒரு ஏற்பாடு. சிரிப்பதற்கும் திடுக்கிடுவதற்கும் எடுத்த காட்சிகளை வைத்துக் கட்டில் வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறவர்களை என்ன சொல்வது?

கணக்கைப் பாருங்கள். நெட்டாக நிமிரும் கட்டிலுக்குக் கீல் தலைமாட்டில், சுவரை ஒட்டி இருக்கும். இரண்டு பக்கமும் இருக்கும் உருளைகளைக் கடையில் ஹைட்ராலிக் என்பார்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. அந்த வாயுவின் வேலை சட்டத்தின் எடையையும் மெத்தையின் எடையையும் தாங்கிக்கொள்வது மட்டும்தான். உங்கள் எடை அந்தக் கணக்கிலேயே கிடையாது. 60 கிலோ ஆள் படுத்திருக்கும்போது கட்டிலை மேலே கிளப்ப வேண்டுமென்றால், கால்மாட்டில் ஒருவர் நின்று கூடுதலாக 30 கிலோ அளவுக்கு முக்கித் தூக்க வேண்டும். தூக்கத்தில் புரண்டால் இது நடக்காது.

புரளியில் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டிலைப் பொருத்திய அன்று மெத்தை வந்திருக்காது. வெறும் சட்டத்தை இறக்கிக் காட்டுவார்கள். கையை எடுத்ததும் கால்மாடு நாலு விரல்கடை எழும்பி நின்று ஆடும். பார்த்துக்கொண்டிருக்கும் மாமியாருக்கு அது போதும், கதை அன்றைக்கே ஊருக்குப் போய்விடும். எழும்பக் காரணம், மெத்தையின் எடைக்காகப் போட்ட வாயு உருளைக்கு அந்த எடை கிடைக்கவில்லை என்பதுதான். கனமான மெத்தைக்குக் கணக்குப் போட்ட கட்டிலில் பிறகு மெல்லிய ஃபோம் மெத்தையைப் போட்டாலும் இதே கூத்துதான். ஆகவே மெத்தையை முதலில் வாங்குங்கள், எடை போடுங்கள், அதற்கேற்ற உருளையைப் பொருத்தச் சொல்லுங்கள். அதன் திறன் நியூட்டன் கணக்கில் உருளையின் மேலேயே அச்சிட்டிருக்கும். மெத்தை போட்ட பிறகும் கால்மாடு எழும்பினால் காசைக் கொடுக்காதீர்கள்.

ஆபத்து மடிவதில் இல்லை, விழுவதில்தான் இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை!

கட்டில் பாதி இறங்கிய நிலையில் பாரம் முழுக்க முன்னால் தள்ளி நிற்கும். கால் தரையில் ஊன்றும்வரை, கட்டிலோடு சேர்ந்து அந்த அலமாரியும் முன்பக்கம் கவிழத்தான் பார்க்கும். பிடித்து நிறுத்துவது மேலே சுவரில் அடித்த சில போல்ட்டுகள். 2022-ல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏறத்தாழ 1,29,000 சுவர்க் கட்டில்கள் திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தது. யாரையும் உள்ளே இழுத்துக்கொண்டதற்காக அல்ல. சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆள் மேல் விழுந்ததற்காக. சரியாகப் பிணைக்காத கட்டில் விழுந்து, முதுகெலும்பில் அடிபட்டு 79 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தும் போனார்.

அதனால் கேட்லாக்கை மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். எங்கள் ஆட்கள் முதலில் ஒரே ஒரு துளை போட்டு, கீழே ஒரு காகிதத்தைப் பிடிப்பார்கள். செக்கச்செவேலென்று தூள் விழுந்தால் செங்கல். சாம்பல் தூள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து டிரில் திணறினால் கான்கிரீட், நிம்மதி. மைதா மாதிரி வெளிறிய மாவு பொலபொலவென்று கொட்டினால் ஏ.ஏ.சி. பிளாக். பிட் திடீரென்று உள்ளே சறுக்கினால் ஹாலோ பிளாக். கடைசி இரண்டிலும் சாதாரணப் பிளாஸ்டிக் பிளக்கை அடித்து முடுக்கிவிட்டுப் போகிறவனை வீட்டுக்குள் விடாதீர்கள். அந்தச் சுவர்களுக்கென்றே தனி ஆங்கர் இருக்கிறது, கெமிக்கல் ஊற்றிப் பிடிக்கும் வகையும் இருக்கிறது. செங்கல் என்றாலும் இரண்டு அறைக்கு நடுவில் நிற்பது பல ஃபிளாட்டுகளில் நாலரை இன்ச் சுவர்தான். ஓங்கித் துளைத்தால் பக்கத்து அறைப் பூச்சு பெயர்ந்து விழும். ஒன்பது இன்ச் சுவர் எது என்று பார்த்துக் கட்டிலுக்கு இடம் பாருங்கள்.

அப்படியே தலைக்கு மேலேயும் ஒரு பார்வை. நம் ஊர் வீடுகளில் ஏழடி உயரத்தில் கான்கிரீட் லாஃப்ட் நீட்டிக்கொண்டிருக்கும். ஆறேகால் அடி மெத்தை, சட்டம், மேல்பலகை எல்லாம் சேர்ந்தால் அதன் அடியில் நெட்டுக் கட்டில் நுழைவதே கஷ்டம். ஒற்றைக் கட்டில்தான் என்றால் பக்கவாட்டில் மடிகிற வகையை எடுங்கள், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடும்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

ஹைட்ராலிக் கட்டில் இடத்தை மிச்சப்படுத்துமாம். மெத்தையைத் தூக்கிக் கீழே போர்வை வைக்கிற பெட்டிக் கட்டிலைத்தான் கடையில் அந்தப் பெயரில் விற்கிறார்கள். ஐந்துக்கு ஆறரை அடி என்றால் பகலும் இரவும் முப்பத்திரண்டரை சதுர அடியை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். பரணுக்குப் பதில் சொல்லும், நடக்க இடம் தராது.

மடக்கும் கட்டில் எதுவானாலும் முதுகு போய்விடும் என்பது அடுத்தது. முதுகுக்குத் தெரிவது மெத்தை, கீல் அல்ல. சுவர்க் கட்டிலில் வழக்கமான மெத்தையையே போடலாம், அலமாரியின் ஆழத்துக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான். சோபா கம் பெட்டுக்குத்தான் இந்தப் புகார் பொருந்தும். உட்காருகிற ஃபோமும் படுக்கிற ஃபோமும் ஒன்றாக இருந்து, நடுவில் மடிப்பும் விழுந்தால் தினம் படுக்க லாயக்கில்லை. தீபாவளிக்கு வரும் விருந்தாளிக்குப் போதும்.

எழுந்ததும் மடித்துவிட வேண்டும் என்பதும் தப்பு. சென்னைப் புழுக்கத்தில் வியர்த்த மெத்தையை உடனே உள்ளே அடைத்தால் பூஞ்சை வரும். குளித்துவிட்டு வந்து மடியுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரைத் துளைக்க வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லையென்றால் சுவர்க் கட்டில் ஆசையை விடுங்கள். இரும்புச் சட்டத்தில் நாடா பின்னிய பழைய மடக்குக் கட்டிலை எவரும் மதிப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நிற்கும், வீடு மாறும்போது ஆட்டோவில் ஏறும். உரிமையாளர் சம்மதித்தாலும் சுவர்க் கட்டிலைப் பார்ட்டிகிள் போர்டில் செய்யாதீர்கள். ஒரு முறை கழற்றிய ஸ்குரூ மறுபடி அதே துளையில் பிடிக்காது. பிளைவுட்டுக்கே போங்கள்.

கடைசியாக, கட்டிலைத் தாண்டியும் நான் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு விஷயம். கார் வாங்கினால் கையேடு கொடுக்கிறார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் ஃபிளாட்டில் எந்தச் சுவர் செங்கல், எது பிளாக், வயரும் தண்ணீர்க் குழாயும் எதற்குள் ஓடுகின்றன என்று ஒரு தாள்கூடக் கைக்கு வருவதில்லை. எல்லாம் பில்டரின் வரைபடத்தில் இருக்கிறது. சாவி வாங்குவதற்கு முன்பே, கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கும்போதே, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பணம் போன பிறகு அந்த ஆபீஸில் போனை எடுக்க ஆள் இருக்காது.